சூடம் அணைத்தவள்

தாலி எங்கே என்று ஊர் கேட்டது.

மா கின் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வியர்வையும் புழுதியும்தான் இருந்தன. ரங்கூனில் ஒருத்தி ஒருவனோடு குடும்பம் நடத்துகிறாளா என்று தெரிந்துகொள்ள யாரும் அவள் கழுத்தைப் பார்ப்பதில்லை. இருவரும் ஒரே வட்டிலில் கைவைத்துச் சாப்பிட வேண்டும், அதை அக்கம்பக்கம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கல்யாணம். அரிசி ஆலைக்குப் பின்தெருவில் அவளும் கோம்பைச் சங்கிலியும் அப்படித்தான் புருஷன் பெண்டாட்டி ஆனார்கள். அதை அவன் ஊரான கோம்பையின் சாவடியில் எப்படி எடுத்துக் காட்டுவது? ஜப்பான்காரன் குண்டு போட்டபோது வட்டில், வீடு, தெரு எல்லாம் ஒன்றாகப் போய்விட்டன.

"ஒரே வட்டில்ல தின்னோம்," என்றாள்.

"நானும் எங்க வீட்டு நாயுங்கூட ஒரே வட்டில்லதேன் திங்கிறோம்," என்றான் ஒருவன். சாவடி குலுங்கிச் சிரித்தது.

அவள் வாயைத் திறந்தாலே ஊருக்குச் சிரிப்புதான். முகம் பர்மா முகம், பேச்சு அசல் கோம்பைப் பேச்சு. ஆலையில் மூட்டை தூக்குகிற கூட்டாளிகளோடு சங்கிலி பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தமிழ் படித்தவள் அவள். வந்திறங்கிய அன்றைக்குக் கரி எரித்து ஓடும் பஸ்ஸிலிருந்து மகளை இறக்கிவிட்டு, எதிரே வந்த வெள்ளை மீசைக்காரரை இரண்டு கையாலும் கும்பிட்டு, "ஏலே, ராக்கையா வீடு எங்கன இருக்கு?" என்று கேட்டாள். அவர் ஊர்ப் பெரியவர் பேச்சிமுத்து. கும்பிட்ட கையை யாரும் பார்க்கவில்லை. 'ஏலே'யை மட்டும் ஊர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது.

சங்கிலி வரவில்லை. பர்மாவிலிருந்து நடந்தே இந்தியாவுக்கு வந்த கூட்டத்தில் அவனும் வந்தான். மகள் பவுனைத் தோளைவிட்டு இறக்காமல் நடந்தான். மணிப்பூர் மலையில் ஏறும்போது வாந்தியும் பேதியும் கண்டது. மகளை மெதுவாக இறக்கிவிட்டு, பாதையோரம் படுத்தான்.

"கோம்பைக்குப் போயிரு கின்னு. எங்கண்ணன் ராக்கையா இருக்காரு. நா வாங்கிப்போட்ட நெலம் ரெண்டு குறுக்கம் கெணத்தோட கெடக்கு. ஊரு ஒங்களப் பாத்துக்கிரும்."

சாகிறவன் சொன்னதில் முதல் இரண்டும் உண்மை.

சாவடியில் ராக்கையா எழுந்து நின்றார். தம்பி பேரில் இருந்த நிலத்தை இத்தனை வருஷமாக உழுது தின்றவர் அவர். "தாலி கட்டுனாத்தேன் பெண்டாட்டி. பெண்டாட்டி பெத்தாத்தேன் எந்தம்பி மக. இது எங்கிட்டோ கெடந்து ஒட்டிக்கிட்டு வந்துருக்கு. இதுக்கு எதுக்கு எங்க நெலம்?"

தாலியைக் காட்டினால் நிலம் தாய்க்கும் மகளுக்கும், காட்டாவிட்டால் ஊரைவிட்டுப் போகட்டும் என்றார் பேச்சிமுத்து. அதுவரை ராக்கையாவின் மாட்டுத் தொழுவத்தில் ஒரு மூலையில் இருந்துகொள்ளலாம். அதையும் இரக்கம் என்றுதான் ஊர் பேசிக்கொண்டது.

தொழுவத்து வாழ்க்கையில் அவள் கற்றுக்கொண்டது ஏராளம். கிணற்றில் அவள் வாளி விடக்கூடாது. யாராவது இறைத்து, உயரத் தூக்கி, அவள் குடத்தில் ஊற்றுவார்கள். ஊற்றுகிறவளுக்கு மனசு வரும்வரை நிற்க வேண்டும். கூலிக்குக் களை எடுக்கப் போனால் கடைசி வரிசை. கஞ்சி சிரட்டையில்தான். 'சப்பைமூக்கி' என்பது அவள் பேர், 'சட்டிமூஞ்சி' என்பது பவுனின் பேர். அவள் பிடிக்கும் சுருட்டைப் பார்த்துக் காறித் துப்புகிற கிழவிகள், தங்கள் வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டுதான் துப்பினார்கள். ராக்கையாவின் செவலை நாய் வேட்டைக்குப் பழகிய கோம்பை நாய். அவள் நிலத்துப் பக்கம் போகிறாள் என்று தெரிந்தால் அதை அவிழ்த்துவிடுவார்.

இதெல்லாம் அவளுக்குப் புதிதில்லை. ரங்கூனில் சங்கிலியைக் 'கலா' என்பார்கள். வெளிநாட்டான் என்று சொல்வதற்கு முன்னால் காறித் துப்பினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சொல். துறைமுகத்தில் கலவரம் வந்து தமிழர்களைத் தெருத்தெருவாகத் தேடி வெட்டியபோது, அவள் அவனை நெல்குதிருக்குள் இறக்கி, மேலே உமியைக் கொட்டி, குதிர்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். கத்தியோடு வந்த தன் சனத்திடம், "இங்கே கலா யாரும் இல்லை" என்று சிரித்தபடி சொன்னாள். குதிருக்குள்ளே மூச்சு முட்ட அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "எங்க ஊர்ல இப்பிடி யாரையும் செய்ய மாட்டோம் கின்னு," என்றான். பாவம், அவனுடைய ஊருக்கு அதுவரை வெளிநாட்டார் யாரும் பிழைக்க வந்ததில்லை.

மனிதர் என்று அவளிடம் வந்தது ஒரே ஒருத்திதான். சங்கிலியின் அக்கா கஸ்தூரியம்மாள். முதல் நாள் பவுனின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தம்பி மூக்கா? ஆடு மிதிச்சாப்புல இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். பிறகு ஒரு நாள் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, பவுனை மடியில் சாய்த்துத் தலையில் சூடுபறக்கத் தேய்த்தாள். அடுத்த வாரம் பாவாடைத் துணி கொண்டுவந்தாள். "அத்தைன்னு கூப்புடுறி," என்றாள். பவுனு கூப்பிட்டாள். அன்றைக்கு மா கின் மாட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். நடந்து வந்த அத்தனை தூரத்திலும் அவள் அழுததில்லை.

வழி சொன்னதும் கஸ்தூரியம்மாள்தான். அடுத்த சாவடிக் கூட்டத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அய்யா, நம்ம சனத்துல படைக்குப் போன மாப்பிள முகூர்த்தத்துக்கு வர முடியலன்னா என்ன செஞ்சாக? அவன் கம்பக் கொண்டாந்து மணையில வச்சு, நாத்தனா தாலி கட்டுனா. உண்டா இல்லையா?"

"உண்டு," என்றார் பேச்சிமுத்து. "எங்க அப்பத்தாளுக்குக் கம்ப வச்சுத்தேன் தாலி."

"எந்தம்பி செலம்பக் கம்பு எங்க வீட்டு எறவாணத்துல இருக்கு. நா கட்டுறேன்."

ராக்கையா பாய்ந்தார். "கோட்டி புடிச்சுருச்சா ஒனக்கு? செத்தவனுக்கு எங்கிட்டுத் தாலி?"

பேச்சிமுத்து மீசையைத் தடவி யோசித்தார். ஊர்ச் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்த சந்தோஷம் அந்த முகத்தில் மெல்ல ஏறியது. "பொணத்த யாரு பாத்தா? கருமாதி பண்ணுனமா? கருமாதி பண்ணாதவன் ஊர்க் கணக்குல உசிரோட இருக்கவன்தேன். காலையில கருப்பன் கோயில்ல தாலி கட்டட்டும். சாயங்காலம் கருமாதியப் பண்ணி, அறுத்துப்பிடுவோம். அறுத்துட்டா அவ சங்கிலி வீட்டு முண்டச்சி. பிள்ள சங்கிலி பிள்ள. நெலம் அவுகளுக்கு."

ஒரு மனுஷியைக் காலையில் கம்புக்குக் கட்டிவைத்து மாலையில் விதவையாக்குவதைப் பற்றி நல்ல நிலத்தில் ஏர் ஓட்டுவதுபோல் பேசி முடித்தார்கள். எந்தப் பெண்ணும் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று ராக்கையா சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"எனக்குச் சம்மதம்," என்றாள் மா கின். தாலி ஏறுவதும் இறங்குவதும் அவளுக்கு ஒரு நூல் ஏறி இறங்குவதுதான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், பவுனு இனிமேல் யாரும் துரத்த முடியாத ஓர் இடத்தில் நிற்பாள் என்பதுதான்.

கல்யாண நாள் காலையில் கஸ்தூரியம்மாள் வீட்டு முற்றத்தில் பக்கத்து வீட்டு இருளம்மாள் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்குத் தாழ்ப்பாள் இல்லாத பொம்பளை. பவுனு உள்ளே அப்பாவின் கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கைபட்டுத் தேய்ந்த இடத்தில் தன் கையை வைத்து வைத்துப் பார்ப்பது முற்றத்திலிருந்தே தெரிந்தது.

"கொடுத்து வச்சவடி நீ," என்றாள் இருளம்மாள். "ஒரே நாள்ல தாலி கட்டி, தாலி அறுத்து, மருமகனையும் பாத்துருவ. எங்களுக்கெல்லாம் அதுக்கு ஆயுசே போச்சு."

"எந்த மருமகன்?"

"ஆத்தாடி, கேக்குறதப் பாரு! கஸ்தூரி மகன் கர்ணந்தேன். முறைமாப்பிள."

மா கின் கர்ணனைப் பார்த்திருக்கிறாள். தொழுவத்துக்கு வெளியே பீடி குடித்துக்கொண்டு நிற்பான். மீசையில் வெள்ளை விழுந்தவன். அவன் பெண்டாட்டி கிணற்றில் தடுக்கி விழுந்து செத்துப்போனாள் என்று சொன்னார்கள். அந்தக் கிணற்றின் சுற்றுச்சுவர் இடுப்புயரம் இருக்கும்.

"பவுனுக்கு ஒம்பது வயசு," என்றாள்.

"இன்னைக்கேவா தூக்கிட்டுப் போறான்? பரிசம் போட்டு வச்சுக்கிருவாக. அதுவரைக்கும் சாணி அள்ளப் பழகட்டும்." இருளம்மாள் அம்மியைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். "பெறகு கஸ்தூரி எதுக்கு இம்புட்டு ஓடுனாங்கிற? நீ தாலி கட்டுனாத்தான அது சங்கிலி மக? சங்கிலி மகன்னாத்தான கர்ணனுக்கு முறை? பிள்ளையோட நெலமும் வந்துரும்ல. பெண்டாட்டி கெணத்துல விழுந்தவனுக்கு ஊர்ல எவன் பொண்ணு குடுப்பான்?"

அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்தது இவளுக்கு மட்டும் தெரியாமல் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அத்தை மகன் என்றால் உரிமை. இந்தப் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரே வட்டிலில் சாப்பிட்டுக் கல்யாணம் முடித்தவளுக்கு எப்படித் தெரியும்?

மா கின் உள்ளே போனாள். கஸ்தூரியம்மாள் தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள்.

"மதினி, பவுனக் கர்ணனுக்கா கேக்குறீக?"

"கேக்குறது என்ன? எம் பொண்ணுதேன் அவ." கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ இன்னைக்குச் சாயங்காலம் மூலையில உக்காரப் போற. அறுத்தவ வருசம் முச்சூடும் வாசல் தாண்டக் கூடாது. பிள்ளைய யாரு பாப்பா? இன்னைக்கே எங்கூட வரட்டும்."

"எனக்குத் தாலியும் வேணாம், நெலமும் வேணாம். நாங்க கெளம்புறோம்."

கஸ்தூரியம்மாள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "நீ கெளம்பு. யாரு தடுத்தா? எந்தம்பி ரத்தத்த விட்டுட்டுப் போ. தகப்பன் வீட்டுப் பிள்ளைய எங்க கொண்டு போற? மந்தையத் தாண்டிருவியா நீ?"

வாசலில் பீடி நாற்றம் வந்தது. கர்ணன் நிலையில் சாய்ந்து நின்றான்.

தாலியைக் கட்டிக்கொண்டால் மகள் போய்விடுவாள். கட்டிக்கொள்ளாவிட்டாலும் போய்விடுவாள். சங்கிலியின் மகளாக இருக்கிறவரைக்கும் பவுனுக்கு இந்த ஊரில் ஒரே ஒரு வாசல்தான், அதில் கர்ணன் நின்றுகொண்டிருந்தான். மா கின் குளித்துவிட்டு, கொடுத்த சேலையைச் சுற்றிக்கொண்டாள்.

சங்கிலிக் கருப்பன் கோயில் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது. பிள்ளைக்குச் சங்கிலி என்று பேர் வைத்ததே அந்தச் சாமிக்கு நேர்ந்துதான். கம்புக்கு மாலை போட்டு, உருமால் கட்டி மணையில் சாய்த்திருந்தார்கள். "அப்பா மாதிரியே இருக்குல்ல?" என்று பவுனு அம்மாவின் காதில் சொன்னாள். கொட்டுக்காரன் கொட்டினான். கஸ்தூரியம்மாள் தாலியை ஏந்திக்கொண்டு குனிந்தாள்.

மா கின் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"நா சங்கிலியோட இருந்தது நெசம். இவ அவருக்குப் பெறக்கல."

கொட்டு நின்றது.

"என்ன சொல்றா?" என்றார் பேச்சிமுத்து.

"பவுனு சங்கிலி மக இல்ல. ஆலைத் தெருவுல ஒரு பர்மாக்காரனுக்குப் பெத்தேன். அவருக்கே தெரியாது."

பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் ரொம்ப நாளைக்கு மறக்கவில்லை. கஸ்தூரியம்மாள் பவுனின் தாடையைப் பிடித்து ஊருக்குக் காட்டினாள். "பொய் சொல்றா சிறுக்கி! கண்ணவிஞ்சவகளா, மூக்கப் பாருங்க! நெத்தியப் பாருங்க! எந்தம்பிய உரிச்சு வச்சுருக்கு!"

"எங்கிட்டு உரிச்சு வச்சுருக்கு?" ராக்கையா துள்ளிக்கொண்டு வந்தார். "நீதான ஆடு மிதிச்ச மூக்குன்ன? எங்க வம்சத்துல இப்பிடி மூக்கு உண்டா?"

"அன்னைக்கு இருட்டுல தெரியல!"

"இன்னைக்கு நெலத்துல தெரியிதோ?"

அண்ணனும் தங்கையும் ஒரு குழந்தையின் முகத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். பவுனு யாரையும் பார்க்கவில்லை. அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சிமுத்து கையை உயர்த்தினார். "வாய்ப்பேச்சு வேணாம். கருப்பன் முன்னால சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். பொய்ச் சத்தியம் பண்ணுனவ எட்டு நாள் தாங்க மாட்டா."

ராக்கையாவே ஓடிப்போய்ச் சூடத்தைக் கொளுத்தி வைத்தார். கஸ்தூரியம்மாளின் முகம் கொஞ்சம் தெளிந்தது. பொய் சொல்லி இந்தச் சூடத்தை அணைத்தவர் ஒருவரும் இல்லை, அவளும் அணைக்க மாட்டாள் என்றுதான் கர்ணன் உட்பட எல்லாரும் நினைத்தார்கள். அவளுக்கு இது வேற்றுச்சாமி என்று நினைத்த ஒன்றிரண்டு பேர்கூட இருந்தார்கள். ஆனால் ரங்கூன் வீட்டில் சங்கிலி சுவரில் கரியால் இந்தக் கருப்பனைக் கிறுக்கி வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பூ வைத்தது அவள்தான். கலவர நாளில் குதிர்மேல் உட்கார்ந்து அவள் வேண்டிக்கொண்டதில் புத்தர் பாதி, இந்த மீசைக்காரச் சாமி பாதி. நடந்து வரும்போது அவனைக் காப்பாற்றச் சொல்லி இவரைத்தான் கூப்பிட்டாள். அவளைப்போல் இந்தச் சாமிக்குப் பயந்தவள் அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் இல்லை.

சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சுட்டது. எடுக்கவில்லை. "இவ சங்கிலிக்குப் பெறக்கல," என்றாள்.

கையை எடுத்தபோது சூடம் கறுத்துக் கிடந்தது.

பிறகு ஊருக்கு வேலை எளிதாகிவிட்டது. ஏற்கெனவே வாயில் வைத்திருந்த பேர்களையெல்லாம் சத்தமாகவே சொன்னார்கள். இருளம்மாள் மட்டும் மஞ்சள் ஒட்டிய தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராக்கையா பவுனின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "ஓடு," என்றார், ஏறக்குறைய அன்பாக.

பவுனு ஓடவில்லை. மணைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அம்மா, இந்தக் கம்ப மட்டும் எடுத்துக்கிறவா?"

எல்லாரும் திரும்பினார்கள். கஸ்தூரியம்மாளின் கண் மா கின்னின் முகத்திலேயே இருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் போதும், அவள் பொய்யைப் பிடித்துக்கொள்வாள்.

"வேணாம்," என்றாள் மா கின். "அது யாரோ ஒரு ஆளு கம்பு. நமக்கு எதுக்கு?"

உத்தமபாளையம் சாலையில் வெயில் ஏறியிருந்தது. கம்பம் தாண்டி, கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப் போய் மலை ஏறினால் திருவிதாங்கூர்ச் சீமை. அங்கே ஏலக்காட்டில் பொம்பளைக்கு வேலை கொடுக்கிறார்களாம், எந்த ஊர் என்று கேட்பார்களாம், சொல்கிற பதிலை வைத்து லயம் என்கிற கூலிவீட்டு வரிசையில் இடம் கொடுப்பார்களாம். இன்னொரு சீமை, இன்னொரு வாசல். எரிந்த உள்ளங்கையில் சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டது. கர்ணன் மிதிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். தாயும் மகளும் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு வரச்சொல்லி அவன் ஆத்தாள் அனுப்பியிருந்தாள். யாரும் சொல்லாமலே மா கின்னுக்கு அது தெரிந்தது.

பவுனு கையைக் கொடுக்கவில்லை. இரண்டு எட்டுப் பின்னாலேயே வந்தாள்.

"அப்ப எங்கப்பா யாரு?"

"பேசாம வா."

"என்னத் தோள்ல தூக்கிட்டு வந்தாகளே, அவுக யாரு?"

மா கின் திரும்பவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் போனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். கர்ணன் எத்தனை தூரம் வருவான்? சொல்லிவிடலாம். மடியில் போட்டு, முத்தம் கொடுத்து, எல்லாம் பொய்யடி என்று சொல்லிவிடலாம்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. ஏலக்காட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போனவர்கள்தானே. பக்கத்து லயத்தில் யாராவது, "ஒங்கப்பன் யாருடி?" என்று கேட்பார்கள். தெரிந்தால் பவுனு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கோம்பைச் சங்கிலி," என்று சொல்லுவாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. அந்தப் பேச்சு அடுத்த சந்தைக்குள் கோம்பைக்கு இறங்கிவிடும்.

பின்னால் சைக்கிளின் சத்தம் நின்றுவிட்டது. கர்ணன் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். சாலையில் இப்போது அவர்கள் இருவர் மட்டும்தான்.

"அம்மா," என்றாள் பவுனு. "இப்பயாச்சும் சொல்லு."

மா கின் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு நடந்தாள். மகள் அதே இரண்டு எட்டுப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.